நூற்றுக்கு நூறு வாங்கிய ஆடு

தோன்றிய நாள் முதல் தோல்வியே அறியாத நிறுவனம் இவ்வுலகில் ஒன்று உண்டென்றால், அஃது எங்கள் கால்நடை நல அலுவலகமே ஆகும். இதனை அதன் உதவியாளன் என்ற முறையில் பணிவோடும் சான்றோடும் கூறுகின்றேன். சான்று, கொல்லையில் தழை தின்றுகொண்டிருக்கிறது.

ஆட்டுக்கொல்லி நோய் அக்கம்பக்கத்தை எட்டியபோது, தடுப்பூசி முகாம் நடத்துமாறு மேலிடம் பணித்தது. அதற்கான கூட்டத்தில் எங்கள் டாக்டரம்மா ஓர் உண்மையை எடுத்துரைத்தார். குடலில் புழு மண்டிய ஆட்டுக்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சரிவர ஊறாதாம். முதலில் புழு மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்தே ஊசி போட வேண்டுமாம். அதிகாரி மனமுருகிப் பாராட்டினார். ஆயினும் புழு மருந்து ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது.

"ஊசி வேலை செஞ்சுதான்னு பாக்க எந்த ஆட்டு ரத்தத்தை அனுப்பணும்?" என்று வினவினார்.

"எதுவா இருந்தாலும் சரி சார். எதுன்னு மேலிடம் சொல்லல," என்றேன்.

"அப்போ நம்ம கொல்லை ஆட்டோடதை அனுப்புங்க. புழு மருந்தும் அதுக்கே குடுங்க. மிச்சத்தைப் பூட்டி வைங்க, தணிக்கைக்குக் காட்டணும்."

இவ்வாறு ஒரு சாதாரண ஆடு 'மாதிரி ஆடு' ஆயிற்று. அலமாரிச் சாவி என் இடுப்பில் ஏறியது.

மறுநாள் என் தமக்கை வந்தாள். மந்தையை நம்பிப் பிழைப்பவள். குடல் புழு ரத்தத்தை உறிஞ்சியதால் ஆடுகளுக்குத் தாடை வீங்கி, இமையின் உட்புறம் காகிதமாய் வெளுத்திருக்கிறதாம்.

"பூட்டி வச்சிருக்கியாமே, அதுல கொஞ்சம் குடுடா. ஆடுங்க தானடா என் சோறு."

"அது ஒதுக்கீடு, அக்கா. எடுத்தா இருப்பு குறைஞ்சிடும்."

"குறையத்தானேடா மருந்து?"

படிப்பறிவு இல்லாத கேள்வி. சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து முகாம் கோலாகலமாக நடந்தது. ஊரிலுள்ள ஆடுகள் அனைத்தும், வயிற்றுப் புழுக்கள் சகிதமாக, ஊசி பெற்றன. மாதிரி ஆட்டின் ரத்தம் நூற்றுக்கு நூறு பெற்றது. பின்னர் நோயும் வந்தது. அதுவும் தன் கடமையைக் குறைவறச் செய்தது.

பாராட்டு விழாவில் மாதிரி ஆட்டை மேடையேற்றினோம். பொதுமக்கள் சார்பில் எவரேனும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று அதிகாரி அழைத்தார். என் தமக்கை எழுந்தாள். கையில் ஆடில்லாத கயிறுகள். மேடையேறி ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். செக்கச்செவேலென்றிருந்தது.

"ஊசியில குத்தம் இல்லீங்க," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ ஒரு தடவை அந்தச் சாவியை எடுத்திருந்தா, என் ஆட்டுக்கும் கண்ணு இப்படித்தான்டா இருந்திருக்கும்."

முதல் வாக்கியத்தை மட்டும் அறிக்கையில் சேர்க்குமாறு அதிகாரி பணித்தார். சேர்த்தேன்.

இருப்பு இன்றுவரை ஒரு சொட்டும் குறையவில்லை. அலமாரியைத் திறக்கச் சொல்லி இப்போது எவரும் தொந்தரவு செய்வதும் இல்லை. ஊரில் ஆடு இல்லை.