அம்பு வைத்தியரின் ஏழு புட்டிகள்

ஞாயிறு காலை ஏழு மணிக்கே வில்வித்தைச் சங்கத்தின் பின்னறை வாசலில் தொடங்கிய வரிசை, சைக்கிள் நிறுத்தம் வரை வளைந்துவிட்டது. பயிற்சிக்கு வந்தவர்கள் அல்ல; பசை ஒட்டிக்கொள்ள வந்தவர்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வந்ததுபோல ஆளுக்கொரு கட்டு அம்பை மார்போடு அணைத்திருந்தார்கள்.

விஷயம் சின்னது. கார்பன் அம்பு உள்ளே வெற்றுக் குழல். அதன் வாய்க்குள் 'இன்சர்ட்' என்ற சிறு உலோகத் துண்டை ஒட்டி, அதில்தான் கூர்முனையைத் திருகுவார்கள். ஒட்டு சரியில்லையென்றால், இலக்கிலிருந்து பிடுங்கும்போது குழல் மட்டும் கையோடு வரும். முனை உள்ளேயே தங்கிவிடும். எந்தப் பசை, எப்படி ஒட்டுவது, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதெல்லாம் பசை அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க இரண்டு நிமிடம் வேண்டும். வரிசையில் நிற்க இரண்டு மணி நேரம். நம் ஆட்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

உள்ளே அமர்ந்திருந்தவர் அம்பு வைத்தியர். ஆறு மாதம் முன்புவரை குளியலறைக் கசிவுகளை அடைத்துக்கொண்டிருந்தார். இப்போது விதியின் கசிவுகளை அடைக்கிறார். அவர் முன்னால் ஏழு நிறங்களில் ஏழு புட்டிகள். நீங்கள் பிறந்த கிழமை எதுவோ, அந்தப் புட்டி. புதன்கிழமை பிறந்தவருக்கு வெள்ளிக்கிழமைப் பசை ஒட்டாதாம்.

வரிசையில் ஒரு பல் டாக்டர். பல்லைப் பஞ்சால் ஒற்றிக் காயவைக்காமல் ஒரு மூடியும் ஒட்டமாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஃபோனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "அம்மா, நான் பொறந்தது திங்களா, செவ்வாயா? நல்லா யோசிச்சு சொல்லும்மா. இன்சர்ட் நிக்கணும்ல!"

சடங்கு இதுதான். "எல்லாரும் கண்ண மூடுங்க. அம்பு மேல பட்ட கண்ணத் தொடைக்கப் போறேன்" என்பார் வைத்தியர். கண்கள் மூடும். குழலின் வாய்க்குள் துடைப்பார், ஒட்டுவார். பிறகு ஒரு மணி நேரம் மௌனம். 'ஒரு மணி நேரம் அசைக்க வேண்டாம்' என்று அட்டையில் இருப்பதற்கு அவர் வைத்த பெயர் அது. கடைசியில் வாளிச் சோதனை. அம்பைக் கொக்கியில் தலைகீழாக மாட்டி, முனையில் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். வாளி நிறைந்தும் முனை கழலாவிட்டால் ராசியான கை.

கழன்றால்? மூன்று ஞாயிறாக ஒருத்திக்கு மட்டும்தான் கழன்றது. சங்கத்தில் அவளை நெட்டை என்பார்கள். குறி தவறாதவள். ஆனால் வைத்தியர் வந்த முதல் நாளே, "இது ஹார்டுவேர் கடைப் பசை மாதிரியே நாறுதே" என்று சிரித்துத் தொலைத்துவிட்டாள். அணியில் இருப்பவர்கள் எல்லாரும் வைத்தியரிடம்தான் ஒட்ட வேண்டும் என்பது சங்கச் செயலரின் உத்தரவு. ஒட்டினாள். கழன்றது. மறு வாரமும், அதற்கடுத்த வாரமும் கழன்றது.

"பசையில குறை இல்ல. கையில இருக்கு" என்று வைத்தியர் தீர்ப்பு சொன்னார். "இந்தக் கை பக்கத்துல இருந்தா மத்தவங்க அம்பும் கழண்டுடும்."

செயலர் உடனே கரும்பலகையில் நெட்டையின் பெயரை அழித்து, பல் டாக்டரின் பெயரை எழுதினார். போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மூன்று வருட உழைப்பு, ஈரத்துணியால் ஒரே இழுப்பு.

வீட்டில் நெட்டை வில்லைத் தொடவில்லை. பேசவில்லை. தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மௌனங்களில் இதுதான் கொடியது. ஒருத்தியைத் தன் கையையே சந்தேகிக்க வைத்த மௌனம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவளுடைய அண்ணி, இன்னொரு முறை ஒட்டிப் பார்ப்போம் என்று இந்த ஞாயிறு அவளை அழைத்து வந்திருந்தாள்.

"கண்ண மூடுங்க" என்றார் வைத்தியர்.

அண்ணி மூடவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் கண்ணை மூடினால் விரல் போய்விடும். செயலரின் அம்புக்கு வைத்தியரின் வலது பையிலிருந்து வெள்ளைத் துணி வந்தது. நெட்டையின் அம்புக்கு இடது பையிலிருந்து மஞ்சள் துணி வந்தது. மௌனம் முடிந்து வாளி ஏறியது. செயலரின் அம்பு தாங்கியது. நெட்டையின் அம்பு அரை வாளியில் கழன்றது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள் அண்ணி. "என் நாத்தனார் அம்புக்கு மட்டும் எதுக்கு வேற துணி?"

வைத்தியர் புருவத்தைத் தூக்கினார். "நீங்க யாரும்மா?"

"ஷூ கம்பெனில சோல் ஒட்டுறேன். ஒரு நாளைக்கு நானூறு ஜோடி."

கூட்டம் சிரித்தது. "செருப்பும் அம்பும் ஒண்ணாம்மா?" என்றார் பல் டாக்டர்.

"பசைக்கு ஒண்ணுதான் டாக்டர். அழுக்கு இருந்தா எதுலயும் பிடிக்காது."

"துணியில ஒண்ணுமில்ல. எல்லாம் கைராசி" என்றார் வைத்தியர்.

"அப்ப துணிய மாத்திப் பாக்கலாமே. செயலருக்கு மஞ்சள், இவளுக்கு வெள்ளை. ரெண்டுக்கும் செயலர் பொறந்த கிழமைப் புட்டி. கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு நானே தொடைக்கிறேன்."

"இதெல்லாம் விளையாட்டு இல்லம்மா..." என்று வைத்தியர் எழுந்தார்.

அவரைக் கவிழ்த்தது அண்ணியின் அறிவு அல்ல, செயலரின் தற்பெருமை. "மாத்துங்க ஐயா! என் கை எப்படிப்பட்ட கைனு இவங்களுக்கும் தெரியட்டும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் செயலர். மறுத்தால் ராசியே கேள்விக்குள்ளாகும். இரண்டு துணிகளும் மேசைக்கு வந்தன.

இருவரின் கட்டிலிருந்தும் புதிதாக ஓர் அம்பை எடுத்துத் துடைத்தாள், ஒட்டினாள். ஒரு மணி நேரம். இடையில் வைத்தியருக்கு அவசர ஃபோன் வந்தது. ஃபோன் அடிக்கவேயில்லை என்பது வேறு விஷயம். வாசலை அடைத்துக்கொண்டு நெட்டை நின்றாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முதலில் செயலரின் அம்பு. கால் வாளிகூட நிறையவில்லை. டொப்! அத்தனை தண்ணீரும் அவருடைய புது ஷூவில்.

அடுத்து நெட்டையின் அம்பு. அரை வாளி. முக்கால். விளிம்பு வரை. அண்ணி ஒரு செங்கல்லையும் உள்ளே போட்டாள். முனை அசையவில்லை.

பல் டாக்டர் மெல்ல முன்னால் வந்து வெள்ளைத் துணியை முகர்ந்தார். "இது... ஊசி போடுறதுக்கு முன்னாடி தடவுற ஸ்பிரிட்!" மஞ்சளை முகர்ந்தார். "மெஷின் எண்ணெய்!" மேசைக்கடியில் ஒரே கம்பெனியின் பசைக் குழாய்கள், ஹார்டுவேர் கடைச் சீட்டோடு. பக்கத்தில் ஏழு சாயப் பொட்டலங்கள்.

"கூட்டத்துல யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று முனகியபடி, புட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வைத்தியர் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடினார். தடுக்க வேண்டியவர் செயலர். அவர் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

பிழிந்து முடித்ததும் சாக்பீஸை எடுத்து, பலகையில் பல் டாக்டரின் பெயரை அழித்து நெட்டையின் பெயரை எழுதினார். "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார்.

நெட்டை வில்லை எடுத்துக்கொண்டு பயிற்சிக் கோட்டுக்குப் போனாள். அந்த வலது கையாலேயே நாணை இழுத்தாள்.

அண்ணி புறப்படும்போது பல் டாக்டர் தயங்கித் தயங்கி வந்தார். "அந்த வெள்ளைத் துணியில ஒரு துண்டு கிடைக்குமா? சக்தி உள்ளதாத் தெரியுது. அம்புப் பையில வெச்சுக்கலாம்னு..."

அவருக்குப் பின்னால் ஏற்கெனவே ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

அண்ணி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "தரேன் டாக்டர், எல்லாருக்கும் கிழிச்சுத் தரேன். ஆனா இது அம்புக் குழலுக்குள்ள இருக்கிற அழுக்குக்குத்தான். மண்டைக்குள்ள இருக்கிறத நீங்களேதான் யோசிச்சு எடுக்கணும்."