கிளிக் மாமாவுக்கு வந்த போட்டி

"முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா?"

கேட்டவர் கிளிக் மாமா. புது மென்பொருள் கணினியில் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று மவுஸைத் தட்டித் தட்டிப் பார்ப்பதே அவர் உத்தியோகம். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். டீம் லீடர் நாற்காலிக்கு அவர் துண்டு போட்டு வைத்து வெகுகாலமாகிறது.

"முடிஞ்சிருச்சு சார். நான் எழுதின ஸ்கிரிப்ட், அதான் அந்தக் குட்டி புரோகிராம், தானாவே இன்ஸ்டால் பண்ணி, தானாவே செக் பண்ணிடுச்சு" என்றாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்.

மாமா அரைநாள் மாரடிக்கும் வேலை, அவர் காபியை ஆற்றுவதற்குள் தீர்ந்துவிட்டது. மேனேஜர் வேறு வந்து அவளைப் பாராட்டிவிட்டுப் போனார். மாமாவுக்கு வயிறு எரிந்தது. நேற்று முளைத்த காளானுக்கு இத்தனை மரியாதையா?

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சோதனைக் கணினியில் புகுந்தார். மென்பொருளை அழித்துவிட்டு, திரையில் அதன் ஐகானை மட்டும் விட்டுவைத்தார். ஐகானைப் பார்த்து ஸ்கிரிப்ட் ஏமாறும், அவள் மானம் கப்பலேறும் என்பது கணக்கு.

"செக்கை மட்டும் இன்னொரு தடவை ஓட்டும்மா, மேனேஜரும் பார்க்கட்டும்" என்றார், அவள் திரும்பி வந்ததும்.

திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: 'ஐகான் உண்டு. மென்பொருள் இல்லை.'

"அட, கில்லாடியா இருக்கே!" என்றார் மேனேஜர்.

மாமா விடவில்லை. அடுத்து யாருக்கும் தெரியாமல் பழைய பதிப்பை ஏற்றிவைத்தார். ஸ்கிரிப்ட் அதையும் பிடித்துவிட்டது.

"லீடர்னா இப்படித்தாம்மா இருக்கணும்" என்று மேனேஜர் அவளிடம் சொன்னபோது மாமாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது. மறைப்பானேன், சுத்தமான பொறாமைதான்.

அவள் சரியான பதிப்பை மறுபடி ஏற்றினாள். ஸ்கிரிப்ட் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. பார்க்கச் சகிக்காமல் மாமா கணினியை அணைத்தார். மனசு கேட்காமல் மறுபடி போட்டு, ஐகானைத் தட்டினார்.

மென்பொருள் திறக்கவில்லை. இன்னொரு தட்டு. ஊஹூம். இந்தமுறை அவர் ஒரு தில்லுமுல்லும் செய்யவில்லை! நிஜமாகவே பழுது! மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓடி வாங்க சார், எல்லாரும் வாங்க!"

ஆபீஸே கூடிவிட்டது.

"ரீஸ்டார்ட் பண்ணினா திறக்கவே மாட்டேங்குது பாருங்க! இதுக்குத்தான் பச்சை காட்டிச்சு அந்த ஸ்கிரிப்ட்! ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்படி செக் பண்ற ஆளை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும் சார்!"

மேனேஜரின் முகம் கறுத்தது. "கஸ்டமருங்க போன் போட்டுத் திட்டறதெல்லாம் இதுக்குத்தானா? ஏம்மா, இப்படி செக் பண்ண உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

அவள் மிரண்டுபோய் மாமாவைக் காட்டினாள்.

"இவர் பின்னாடி உட்கார்ந்து, இவர் தினம் என்னென்ன செக் பண்றாரோ அதை ஒண்ணு விடாம அப்படியே எழுதினேன் சார்... இவர் ஒரு நாள்கூட ரீஸ்டார்ட் பண்ணினதே இல்லையே!"