அறுபது ஐரிஷ் ரயிலுக்கு நாங்கள் வைச்ச பேர்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அறுபது பழைய ஐரிஷ் ரயில் படங்களைப் பார்த்து, எஞ்சின் நம்பரையும் ஸ்டேஷன் பேரையும் எழுத வேணும். அவ்வளவுதான்.

இது தொண்ணூறுகளில நடந்தது. அப்ப நான் மொன்றியலில ஒரு ரெஸ்டோரண்டில சட்டி கழுவிக்கொண்டிருந்தன். அங்க சாப்பிட வாற மிஸ்டர் கெலி எண்ட ஐரிஷ் கிழவருக்கு நகரத்துக்கு வெளிப்பக்கம் ரொக்ஸ்பரோவில வீடு. அவற்ற செத்துப்போன தமையன் அயர்லாந்தில வாழ்நாள் முழுக்க ரயிலைப் படம் எடுத்தவராம். பெட்டி பெட்டியாக் கிடக்கு, பார்த்துப் பதிய ஒரு ஆள் வேணும், குளிர்காலம் முழுக்க வேலை இருக்கு எண்டார்.

கதிரையில இருந்து செய்யிற வேலை! கை நனையாத வேலை!

"ரயில் எண்டால் எனக்குத் தண்ணிபட்ட பாடு" எண்டு வாய் கூசாமல் சொன்னன். ரயிலில நான் அதுவரைக்கும் செய்த ஒரே காரியம் யன்னல் சீட் பிடிச்சதுதான்.

கிழவர் சோதனைக்கு அறுபது படம் தந்தார். எஞ்சின் நம்பரெல்லாம் போட்ட தடிச்ச புத்தகம் ஒண்டும் ஒரு பூதக்கண்ணாடியும் தந்தார்.

"படத்துக்குப் பின்னால பென்சிலால மெல்லமா எழுது. தெரியாட்டி, தெரியாது எண்டு எழுது. அது பிழையில்லை."

பிழையில்லையாம். இந்த மனிசன் ஒருநாளும் ஊரிலயிருந்து பெஞ்சாதியைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் ஃபைல் நிரப்பேல்லை எண்டு எனக்கு விளங்கிச்சு. எங்கட ஆக்கள் நெருங்கி இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில பாதிச் சனத்தின்ர கலியாணப் படங்களுக்குப் பின்னால ஆர், எவர், எந்த இடம், எந்தத் திகதி எண்டு எழுதிக் குடுத்தவன் நான். ஒரு படம் வெறுமையாப் போனால் ஃபைல் திரும்பி வரும் எண்டு எங்களுக்குப் பயம். பென்சிலால எழுதினால் கேக்கவே வேண்டாம்.

உதவிக்கு மேல்மாடிப் பொன்னையா அண்ணையைக் கூப்பிட்டன். ஊரில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர் எண்டு தானே சொல்லித் திரியிறவர். பேந்துதான் தெரிய வந்தது, ஸ்டேஷன் வாசலில ரிக்கெற் வாங்கிக் கிழிச்சவராம்.

முதல் பத்துப் படமும் சுகம். எஞ்சினில நம்பர் துலக்கமா இருந்தது, புத்தகத்தைப் பார்த்து எழுதினன். அதோட மரியாதையா நிப்பாட்டியிருக்கலாம்.

பதினோராவது படத்தில ஒரே புகை.

"அண்ணை, நம்பரைக் காணேல்லை."

"புகையைப் பார் தம்பி. ஈரக் கரி. அப்ப இது கோர்க் ஸ்டேஷன்."

"எப்பிடி?"

"அங்க மழை கூட."

கோர்க், 1934 எண்டு பேனையால அமத்தி எழுதினன். ஆண்டு என்ர அன்பளிப்பு.

அடுத்த படத்தில ஸ்டேஷன் போர்ட் இருந்தது. எழுத்துத்தான் விளங்கேல்லை.

"இதென்ன பாஷை அண்ணை?"

"பிரெஞ்ச்."

"அயர்லாந்தில ஏன் பிரெஞ்ச்?"

"கனடாவில ஏன் பிரெஞ்ச்?"

ஐரிஷ் எண்டே ஒரு பாஷை இருக்கு எண்டது அண்டைக்கு ரெண்டு அறிவாளிகளுக்கும் தெரியாது. டப்ளின் எண்டு எழுதினன்.

பிறகு வேகம் பிடிச்சிட்டுது. "ஆக்களின்ர பேர் இல்லாட்டி நம்பமாட்டாங்கள்" எண்டார் அண்ணை. எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்ட ட்ரைவருக்கு பேட்ரிக் எண்டு பேர் வைச்சம். அடுத்த படத்தில கொடியோட நிண்டவரை பேட்ரிக்கின்ர மச்சானாக்கினம்.

பின்னேரத்துக்குள்ள அறுபதும் முடிஞ்சுது. ஒண்டும் வெறுமையில்லை. வேலை எனக்குத்தான் எண்ட நினைப்பில அண்ணையையும் கூட்டிக்கொண்டு ரொக்ஸ்பரோவுக்குப் போனன்.

கிழவர் ஒவ்வொரு படமாத் திருப்பிப் பார்த்தார். ஒண்டைக் கையில எடுத்தார்.

"கோல்வே, காலை ரயில், 1931, ஓட்டுறவர் பேட்ரிக். இப்பிடி எழுதியிருக்கிறாய்."

"ஓம்."

"இது என்ர வீட்டு நிலவறை. தமையன் ஒருக்கா இங்க வந்து நிண்டபோது நானும் அவனும் மேசையில செய்த விளையாட்டு ரயில். அந்த மரமெல்லாம் பஞ்சு."

நான் நிலத்தைப் பார்த்தன். அண்ணை அசையேல்லை.

"அப்ப ஆண்டு மட்டும்தான் பிழையோ எண்டு கேள்" எண்டார் தமிழில.

கிழவர் பேனை மையை விரலால தேய்ச்சுப் பார்த்தார். அது போகேல்லை.

"இதுக்குள்ள சரியானதும் கொஞ்சம் இருக்கும். எது சரி எண்டு இனி நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அவன் ஒண்டுக்கும் பேர் எழுதி வைக்கேல்லை" எண்டார்.

எனக்கு வெட்கத்தில உயிர் போச்சு. முதல் பத்தும் சரி எண்டு சத்தியம் பண்ணினன். அவர் நம்பேல்லை. நானெண்டாலும் நம்பியிருக்கமாட்டன். படங்களை வாங்கி அடுக்கி வைச்சிட்டு, மரியாதையாத்தான் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரேக்க பஸ்ஸில அண்ணை என்ர தோளில தட்டினார்.

"தம்பி, அந்தாளுக்கு ரயிலைப் பற்றி ஒண்டும் தெரியாது" எண்டார்.

திங்கக்கிழமை நான் பழையபடி சட்டியடியில நிண்டன்.

இப்ப ஆராவது பழைய படமொண்டை நீட்டி இது ஆர் எண்டு கேட்டால், என்ர சொந்தக் கலியாணப் படமெண்டாலும் வடிவாத் தெரியாது எண்டுதான் சொல்லுவன்.