எதிர்பார்ப்பு சாரின் முப்பத்தேழு இலக்குகள்

பாடம் நடத்தும் ஆசிரியர்களை உங்களுக்குத் தெரியும். பாடம் நடத்தாத ஆசிரியர்களையும் தெரியும். அவர்கள் பேரில்தான் நமக்கு ஒரு தனிப் பிரியமே உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. பாடத்தின் நோக்கம் என்ன, நோக்கத்தின் பயன் என்ன, பயனை அளக்கும் முறை என்ன, அந்த முறையை யார் எந்த நிற மையால் குறிக்க வேண்டும் என்று எழுதி எழுதியே ஓர் ஆண்டைக் கரைத்து முடித்து, பாடத்தை மட்டும் தொடாமல் பத்திரமாக வைத்திருக்கும் இனம்.

நம்முடைய ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியர் அந்த இனத்தின் பத்தரை மாற்றுத் தங்கம். பிள்ளைகள் அவருக்கு ‘எதிர்பார்ப்பு சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விஷயம் அவர் காதுக்கும் வந்தது. மனிதருக்குக் கோபம் வர வேண்டுமே? பெருமை தாங்கவில்லை.

பள்ளி விடுமுறை முழுவதும் அவர் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“இத்தனையும் அந்தப் பிள்ளைங்க படிக்கணுமா?”

“இது பாடம் இல்லம்மா. இலக்கு.”

“அப்ப பாடம்?”

“அது புத்தகத்துல இருக்கே!”

மனைவி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினான்கு ஆண்டுத் தாம்பத்தியம் சும்மாவா?

மொத்தம் முப்பத்தேழு இலக்குகள். மாணவர்கள் உலகக் குடிமக்களாக மலர்வர். பழைய நாகரிகங்களைப் போற்றுவர். போற்றிய கையோடு ஐயக்கண் கொண்டும் நோக்குவர். இரண்டையும் நாற்பது நிமிடத்துக்குள் முடிப்பர். மக்களாட்சியை உயிர்மூச்சாகக் கொள்வர். ஆசிரியர் அனுமதியின்றி இருக்கையை விட்டு எழார். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: ‘நாங்கள் அனைவரும் கூடிப் பேசி வகுத்தவை.’ அதைப் பெரிதாக அச்சடித்து, நாலு மூலையும் மடங்காமல் லேமினேஷன் செய்து முடித்தபோது, கூடிப் பேசியவர்கள் ஒருவருக்கும் தாங்கள் எந்த வகுப்புப் பிரிவில் இருக்கப் போகிறோம் என்றே தெரியாது.

முதல் நாள் எல்லோரும் வரிசையாக வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். பிளாஸ்டிக் மேல் பேனா வழுக்கியது. மூன்றாமவன் முழங்கை பட்டு முதல் இரண்டு பேர் சம்மதம் அழிந்துபோனது. மறுநாள் சார் அழியாத மார்க்கர் வாங்கி வந்தார். அதற்குள் இரண்டு பேர் காய்ச்சல் என்று லீவு. அவர்கள் வரும்வரை காத்திருப்பதுதானே மக்களாட்சி? இப்படியாக, ஒரு வரி பாடம் நடக்காமல் முதல் வாரம் இனிதே கழிந்தது.

அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே ஊரின் வரைபடம் ஒன்று தொங்கியது. கையெழுத்துப் போட வந்த ஜன்னலோரப் பெண், சிநேகிதிகள் ‘கேள்விப்பொட்டி’ என்று கூப்பிடுகிறவள், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், குப்பை லாரி நிக்கற இடத்துக்குப் பின்னாடி எங்க தெரு இருக்கு. முந்நூறு வீடு. இதுல வெறும் பச்சையா இருக்கு. ஏன் சார்?”

சாருக்குப் புல்லரித்துவிட்டது. “அருமையான கேள்வி! இது இருபத்தொன்பதாவது இலக்கு. ‘நிலப்படங்களை வினவுவர்.’ மூணாம் பருவத்துல வருது.” சொல்லிவிட்டு, மதிப்பீட்டுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘வினவுதல்’ கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அவள் டிக்கைப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் அவள் மறுபடி கை தூக்கினாள். இந்தத் தடவை சமாச்சாரம் கொஞ்சம் அவசரம்.

“சார், எங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் கேட்டதுக்கு, தண்ணி ஆபீஸ்ல, மேப்புல அப்படி ஒரு தெருவே இல்லன்னுட்டாங்களாம். மேப்புல சேக்கச் சொல்லி வெள்ளிக்கிழமைக்குள்ள மனு குடுத்தாதான் இந்த வருஷம் எடுத்துப்பாங்க. யாருக்கு சார் எழுதணும்? எங்கம்மா, ‘உன் புத்தகத்துல இருக்கும், சாரைக் கேட்டுட்டு வா’ன்னாங்க.”

சாருக்குப் பதில் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். எந்த அலுவலகம், எந்த அதிகாரி, மனுவில் முதல் வரி என்ன என்பதுவரை தெரியும். ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த மனிதர்தான் அவர். இரண்டே நிமிட வேலை. வாயைக்கூடத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவர் கண் அட்டவணையில் விழுந்து தொலைத்தது. உள்ளாட்சி, முப்பத்திரண்டாவது இலக்கு. இப்போது நடப்பதோ ஒன்பது. வியாழக்கிழமை தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வருகிறார். துறைத் தலைவர் பதவி காலியாக இருக்கிறது. ஒன்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“அவசரப்படாதம்மா. ஒவ்வொண்ணா வரும்” என்றார். இன்னொரு டிக்.

வியாழக்கிழமை தலைமையாசிரியை வந்தார். அட்டையை மேலிருந்து கீழ்வரை வாசித்து, விரலால் தடவியும் பார்த்தார். பிறகு திரும்பி, எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்க, ஜன்னலோரத்தைப் பார்த்துத்தானா கேட்க வேண்டும்?

“சார்கிட்ட என்னம்மா கத்துக்கிட்ட?”

“இன்னும் ஒண்ணும் கத்துக்கல மேடம். மனு யாருக்கு எழுதணும்னு கேட்டுட்டே இருக்கேன். நாளைக்குக் கடைசி நாள்.”

சார் அட்டையைப் பார்த்தார். போயிற்று பதவி. விடுமுறை, மேசை, லேமினேஷன், எல்லாம் போயிற்று.

தலைமையாசிரியையோ முகமெல்லாம் மலர்ந்து, “எவ்வளவு தைரியமாப் பேசறா பாருங்க! இது எத்தனாவது இலக்கு சார்?” என்றார்.

“ப... பதினொண்ணு மேடம். ‘உண்மையை அச்சமின்றி உரைப்பர்.’”

“நிறைவேறிடுச்சு. குறிச்சுக்குங்க!”

வகுப்பே கை தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், அந்த மனு...”

“சார் பாத்துப்பார்ம்மா” என்று சொல்லிக்கொண்டே தலைமையாசிரியை போய்விட்டார். மணியும் அடித்துவிட்டது.

சார் துறைத் தலைவரானார். தெருவில் யாரோ சொன்னதைக் கேட்டு மனு மின்வாரியத்துக்குப் போய், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற குறிப்போடு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இந்த வருஷம் குழாய் கிடையாது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு கை தூக்குவதில்லை. பெற்றோர் கூட்டத்துக்குக் காலிக் குடத்தை வாசலில் வைத்துவிட்டு வந்த அவள் அம்மாவிடம் சார் மதிப்பெண் தாளைக் காட்டினார். ‘வகுப்பில் அமைதி காப்பர்’: பத்துக்குப் பத்து.

“நல்ல முன்னேற்றம்மா” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

நீங்கள் ஆசிரியர் இல்லை, உங்களுக்கென்ன என்கிறீர்களா? நல்லது. இந்த ஆண்டு பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிடுவது என்று எங்கேயாவது குறித்து வைத்திருப்பீர்களே, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சாவகாசமாகத் தேடிப் பாருங்கள். தேடும்போது பக்கத்தில் வந்து யாராவது ஏதாவது கேட்டால், “இரு, இதை முடிச்சுட்டு வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்ன, இப்போதுதான் சொன்னீர்களா?