நெற்றியைச் சுருக்கச் சொன்ன சாமி

கோணிய வாயை நேராக்குவதற்கென்றே கடவுள் கடலூர் பழைய நகரத்தில் தனிக் கிளை ஒன்றைத் திறந்திருக்கிறார் என்று 2009இல் மாவட்டமே நம்பியது. கிளையின் பொறுப்பாளர் திருமுகச் சாமி. வயது முப்பதுக்குள்தான். தாடிக்கு மட்டும் அறுபது வயது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் நடக்க இடமிருக்காது. குமராட்சிப் பக்கத்து மினிபஸ்களின் முதுகில் சாமியின் படம். பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரி மூட்டையுமாக வேன்கள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டவர்களும், ஒரு கண்ணை மூட முடியாதவர்களும் பந்தலில் காத்திருப்பார்கள். சாமி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக் கன்னத்தில் ஒட்டுவார். மயிலிறகால் தட்டுவார். இரண்டு மூன்று மாதத்தில் முகம் நேராகிவிடும்.

உண்மையாகவே நேராகிவிடும். அதுதான் இந்தக் கதையில் உள்ள சிக்கல்.

சிதம்பரத்தில் பிசியோதெரபி, நர்சிங் மாணவர்களுக்கு உடற்கூறும் நரம்பியலும் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் லோகநாயகி. கடைசியில் அவருடைய வகுப்புக்குள்ளேயே சாமியின் புகழ் வந்துவிட்டது. முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பை அவர் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது, இசைவாணி என்ற மாணவி எழுந்தாள்.

"மேடம், இந்த நரம்பு வீங்குனா ட்ரீட்மென்ட்டே வேணாம். கடலூர் சாமிகிட்ட போனா சரியாய்டும். எங்க சித்தப்பாவுக்கு ஆச்சு."

"எல்லாருக்கும் ஆகுதா?"

"அவுரு எடுத்துக்கிட்டவங்க எல்லாருக்கும் ஆகுது மேடம். செல பேர எடுத்துக்க மாட்டாரு. பித்ரு தோஷம், அமாவாச கழிச்சு வான்னுடுவாரு."

"யார எடுத்துக்கணும்னு எப்படி முடிவு பண்றாரு?"

"நெத்தியச் சுருக்கச் சொல்லிப் பாப்பாரு."

லோகநாயகி சாக்பீஸைக் கீழே வைத்தார். மூடநம்பிக்கை அவருக்குப் புதிதல்ல. ஆனால் இது அவருடைய சொந்தப் பாடமாயிற்றே.

விஷயம் எளிது. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது. வாய்க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் வாய் கோணும். நெற்றி பிழைத்துக்கொள்ளும், சுருங்கும். அதுதான் பக்கவாதம். முக நரம்பே வழியில் வீங்கிவிட்டால் வாயோடு நெற்றியும் படுத்துவிடும், சுருங்காது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். மாத்திரை சாப்பிட்டால் இன்னும் சீக்கிரம் சரியாகும். நெற்றி சுருங்காத இவர்களை மட்டும்தான் சாமி எடுத்துக்கொள்கிறார்; அவராலும் ஒன்றும் கெடுத்துவிட முடியாது.

அந்த ஞாயிறு, இசைவாணியை அழைத்துக்கொண்டு லோகநாயகி பந்தலில் போய் உட்கார்ந்தார். வரிசையில் நிற்பவர்களிடம், "நெத்தியச் சுருக்குங்க பாப்போம்" என்று கேட்டுவிட்டு இசைவாணியின் காதில் சொன்னார்.

"இவர எடுத்துக்குவாரு. அந்தம்மாவ எடுத்துக்க மாட்டாரு."

அப்படியே நடந்தது. மூன்றாவது ஆளுக்கும் நடந்தது. நான்காவது ஆளுக்குள் பக்கத்திலிருந்தவர்கள் லோகநாயகியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இந்தம்மாவுக்கும் அருள் வருது போல."

முன்வரிசையில் இருந்த முந்திரி வியாபாரி சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. சாமியால் வாய் நேரானவர் அவர். "எம்மா, சாமி சன்னிதியில கொறி சொல்லக் கூடாது. தொழிலுக்குப் போட்டியா?"

"பாடம் நடத்துறேங்க."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க."

அப்போதுதான் அஞ்சம்மாள் தன் கணவர் சாமிக்கண்ணுவைத் தாங்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். கடற்கரைக் குப்பத்து ஆள். காலையில் வலையை உதறும்போது வலது கை தொங்கிவிட்டது. வாய் கோணிவிட்டது. பேச்சு குழறியது. லோகநாயகி அவர் நெற்றியைப் பார்த்தார். நன்றாகச் சுருங்கியது.

"அம்மா, இது பக்கவாதம். இங்க நிக்காதீங்க, நேரம் போவப் போவ மூளை சாவும். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"நீ யாரு எனக்குச் சொல்ல? சாமி சொல்லட்டும். சாமி போன்னா போறேன்."

சாமி நெற்றியைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் மாறியது. உடனே தாடி சமாளித்துக்கொண்டது. "பித்ரு தோஷம். அமாவாச கழிச்சுக் கூட்டியா."

அஞ்சம்மாள் கும்பிட்டு, கணவரை வீட்டுக்கு அழைத்துப் போகத் திரும்பினார். லோகநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார். தாடிக்கு மேலே இருந்த கண்கள் அவருக்குத் தெரிந்தவை. அவரிடம் படித்த பிசியோதெரபி படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு ஓடியவன். எல்லாப் பாடத்திலும் அரியர். நரம்பியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் மட்டும் வகுப்பிலேயே முதல்.

"வினோத்குமார், எந்திரி."

சாமி எழுந்தார். மடியிலிருந்த மயிலிறகு கீழே விழுந்தது. தெய்வத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு. வைவாவுக்குப் பயப்படாதவர்களை நான் பார்த்ததில்லை.

"இது என்ன கேஸ்?"

"ஸ்ட்ரோக் மேடம்."

"எந்தப் பக்கம்?"

"மூளையில லெஃப்ட் சைடு மேடம்."

"நெத்தி ஏன் தப்பிச்சுது?"

"அதுக்கு ரெண்டு பக்கமும் சப்ளை இருக்கு மேடம்."

"பேஷன்ட்ட என்ன பண்ணணும்?"

"ஒடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. அஞ்சம்மாள் மேடை ஓரத்துக்கு வந்தார்.

"தெரிஞ்சிக்கினேதான் அமாவாசன்னியாடா?"

அது பாடத்திட்டத்தில் வராத கேள்வி.

சடையப்பன் மெதுவாகக் கேட்டார். "அப்ப எனக்கு நல்லாச்சேம்மா?"

"வீட்டுல சும்மா படுத்திருந்தாலும் ஆயிருக்குங்க."

"சும்மா ஆவறதுக்கா மூட்ட மூட்டையா முந்திரி எறக்கினேன்?"

ஆனாலும் அவர் நல்ல மனிதர். வேனிலிருந்த மூட்டைகளைத் தெருவில் உருட்டிவிட்டு, சாமிக்கண்ணுவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வேன் கண்ணை விட்டு மறைந்தபோது மேடையும் காலியாக இருந்தது. தாடி மட்டும் பின்பக்கக் கால்வாயில் கிடந்ததாகச் சொல்கிறார்கள்.

சாமிக்கண்ணு பிழைத்தார். பேச்சு வந்துவிட்டது. கை பாதிதான் திரும்பியது; பிய்ந்த வலையைத் தைக்க முடிகிறது, கடலில் வீசிய வலையை இழுக்க முடிவதில்லை. "பந்தலுக்குப் போகாம நேரா இங்க வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், அஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்து அத்தோடு நிறுத்திக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிறு சிதம்பரத்தில் லோகநாயகியின் வீட்டு வாசலில் ஒரு கும்பல் நின்றது. கையில் தேங்காய், வெற்றிலைபாக்கு, கற்பூரம்.

"எம்மா, நெத்தியப் பாத்தே எல்லாம் சொல்றீங்களாமே."

"அது அருள் இல்லைங்க, பாடம். கொஞ்ச நேரம் உக்காந்தா உங்களுக்கும் சொல்லித் தர்றேன். அப்புறம் நீங்களே பாத்துக்கலாம்."

கும்பலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க எதுக்கும்மா கத்துக்கணும்? நீங்க சொன்னா நம்பிடறோம்."

எந்தச் சாமியாரும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் அத்தனை பேரும் பிறக்கிறார்கள். உங்கள் வாயிலிருந்தும் இது எப்போதாவது வந்தால், வாய் கோணாமல் நேராக இருந்தாலும் சரி, தலையை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.