பாதிச் சம்பள மகாராஜா

இனி இந்த உடம்பு ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது என்று வேங்கடசாமி முடிவெடுத்தது, மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய மூன்றாவது நிமிஷம். தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆடி மாசம். பஞ்சு விலை ஏறிவிட்டது, நூல் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது, ஆகவே லே-ஆஃப், பாதிச் சம்பளம் மட்டும் கிடைக்கும் என்றது நோட்டீஸ். மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இவருக்கு வாயெல்லாம் பல். இருபத்திரண்டு வருஷமாக மூன்று ஷிஃப்டிலும் நின்றே தேய்ந்த கால்கள் அவருடையவை. நின்றால் முழுச் சம்பளம், படுத்தால் பாதிச் சம்பளம் என்றால் எந்த மடையன் நிற்பான்?

அப்புறம் கேட் மீட்டிங். யூனியன் செயலாளர் ஜெரோம் பெஞ்சு மேல் ஏறி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடியில் போடுவதா, ஜன்னலோரம் போடுவதா என்ற மிக முக்கியமான யோசனையில் இருந்த வேங்கடசாமி ஒரு வரியும் கேட்கவில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவர் வேறு எதையும் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாவாத்தாளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஏ பாவாத்தா, இனி எங்கிட்ட ஒரு வேலையும் சொல்லாதே."

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"ஒடம்புக்கென்ன கேடு? மில்லு லே-ஆஃப். ஊட்ல படுத்திருந்தாலே பாதிச் சம்பளம்."

"எத்தன நாளைக்குங்க?"

"மில்லு தொறக்கற வரைக்கும்! சட்டம் அம்மணி, சட்டம். தெனமும் காலைல எட்டு மணிக்குக் கேட்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஆனா எட்டுன்னா எட்டு. எட்டேகாலுக்குப் போயி நின்னா ஆளு வர்லீன்னு எழுதிப்போடுவாங்க. அன்னைக்குப் பைசா கெடையாது."

"அத்தன கறாருங்களா?"

"பின்னே? கம்பெனின்னா என்ன நெனச்சே?"

"சரீங்க. அந்தத் தண்ணிக் கொடத்த மட்டும் உள்ள எடுத்து வெச்சுப்போட்டு..."

"ஐயையோ! லே-ஆஃப்ல இருக்கறவன் வேலை செஞ்சான்னு தெரிஞ்சா அந்தப் பாதியும் போயிரும்!"

"நம்மூட்டுத் தண்ணிதானுங்களே?"

"யாரூட்டுத் தண்ணியா இருந்தா என்ன? தூக்கறது வேலைதானே?"

"அப்படீங்களா" என்றாள் பாவாத்தாள்.

தண்ணிக்குட விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. அந்த நிமிஷம், அந்த வாயில் பிறந்தது. பாவாத்தாள் "அப்படீங்களா" என்று சொன்னால் மில் லைன் வீடுகளில் பாதிப் பேர் உஷாராகிவிடுவார்கள். வேங்கடசாமி மீதிப் பாதியைச் சேர்ந்தவர்.

சாயங்காலமே அவள் ஜெரோம் வீட்டுக்குப் போய்ச் சேதி கேட்டுவிட்டாள். மில் திறந்தாலும் திறக்காவிட்டாலும் பாதிச் சம்பளம் நாற்பத்தைந்து நாளைக்குத்தான். தண்ணிக் குடத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பாவாத்தாளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மகள் கயல்விழி பன்னிரண்டாவது படிக்கிறாள். நாற்பத்தாறாம் நாள் மில் திறக்கவில்லையென்றால் புத்தகத்தை மூடிவிட்டு அவளும் ஏதாவது பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அதை நினைக்கவே பாவாத்தாளுக்கு மனசு ஒப்பவில்லை.

வழி அவளிடம் ரெடியாக இருந்தது. கிரைண்டர் வாங்கி இட்லி மாவு அரைத்து விற்கிறேன் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் "வேங்கடசாமி பொண்டாட்டி மாவு விக்கறாளாமா? என்ற மானம் என்னாவறது?" என்று அவர் குதிப்பார். அந்த மானம் இப்போது கட்டிலில் மல்லாந்து கிடக்கிறது. இதைவிட நல்ல நேரம் வருமா?

நாலாம் நாள் அவள் அண்ணன் பாலுசாமி, தவணைக்கு எடுத்த கிரைண்டரை டெம்போவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். வேங்கடசாமி துள்ளி எழுந்தார்.

"இதென்ன?"

"கிரைண்டருங்க."

"தெரியுது! மறுக்கா வண்டில ஏத்தச் சொல்லு. இல்லீன்னா நானே தூக்கி..."

"ஐயோ சாமி, தூக்கிப்போடாதீங்க! பாதிச் சம்பளம் போயிருமுங்களே!"

"தூக்கலீன்னா போகுது. குறுக்க நின்னு தடுப்பேன்."

"தடுக்கறதும் வேலைதானுங்க. மில்லு வாட்ச்மேன் வேற எதுக்குச் சம்பளம் வாங்கறாரு?"

வேங்கடசாமி வாசலிலிருந்து ஓரடி விலகி நின்றார்.

"நீங்க போயிப் படுங்க. காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்குங்க, கிரைண்டரு உள்ள போகோணும்."

அதோடு விட்டாளா? கணவர் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று லைன் முழுக்கத் தமுக்கடித்து வைத்தாள். டீக்கடைச் சீட்டாட்டத்தில் இவருக்குச் சீட்டே போடவில்லை. "ஜெயிச்சுப்போட்டீங்கன்னா அது வருமானமாயிருமுங்க. எங்களால உங்க சம்பளம் போகப்படாது" என்றார்கள், மகா அக்கறையோடு. ஆனாலும் அவர் கலங்கவில்லை. காலையில் ஏழே முக்காலுக்கே கேட்டில் நின்று, எட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, எட்டேகாலுக்குத் திரும்பக் கட்டில். கிரைண்டர் கடகடவென்று ஓடும். அவர் அதற்குப் போட்டியாகக் குறட்டை விடுவார். அரைக்கட்டும், எத்தனை நாளைக்கு அரைப்பாள் என்று பார்ப்போம் என்பது அவர் கணக்கு.

அவள் அரைத்துக்கொண்டே இருந்தாள். முதலில் லைன் வீடுகள் மாவு வாங்கத் தூக்குப் போசியோடு வந்தன. அப்புறம் அடுத்த தெரு வந்தது. பிறகு காந்திபுரத்து மெஸ் ஒன்று தினமும் இரண்டு டிரம் கேட்டது. கயல்விழியின் டியூஷன் ஃபீஸ் தேதி தவறாமல் போனது. வேங்கடசாமி தினமும் புளிப்பே இல்லாத பூப்போன்ற இட்லி ஆறு தின்றார். மாவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் மானம் கருதிக் கேட்கவில்லை.

நாற்பத்தாறாம் நாள் கேட்டில் கையெழுத்து நோட்டைக் காணோம். ஜெரோம் மட்டும் நின்றிருந்தார்.

"ஏனுங்க, நேத்தோட நாப்பத்தஞ்சு நாளு முடிஞ்சுதுங்களே!"

"மில்லு இன்னும் தொறக்கலியே?"

"தொறக்காட்டியும் அவ்வளவுதானுங்க. ஒப்பந்தத்துக்கு நீங்களும் கை தூக்குனீங்களே?"

"எல்லாரும் தூக்குனாங்க, நானும் தூக்குனேன்!"

"அதுக்குப் பேருதானுங்க ஒப்பந்தம். உங்க ஊட்டுக்காரம்மா மொத நாளே வந்து எல்லாம் கேட்டுட்டுப் போனாங்களே. தண்ணிக் கொடம் தூக்கலாமான்னுகூடக் கேட்டாங்க. எனக்குத்தான் அது எதுக்குன்னு வெளங்கல."

வேங்கடசாமிக்கு விளங்கியது. பாதியும் போச்சு, முழுசும் போச்சு. ஆனால் வரும் வழியிலேயே பழைய தைரியம் திரும்பிவிட்டது. வீட்டிலேயே ஒரு தொழிற்சாலை ஓடும்போது நமக்கென்ன குறை? நாமே முதலாளி! மீசையை நீவிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"பாவாத்தா, நீ படற பாட்டைப் பாக்கச் சகிக்கலை. இன்னீல இருந்து கல்லாவுல நான் உக்காந்துக்கறேன்."

"கல்லாவுக்கு நான் இருக்கறேனுங்க. மாவு வழிக்கத்தான் ஆளு வேணும்."

"நானா? மாவு வழிக்கறதா?"

"வேண்டாமுன்னா விடுங்க. ஜெரோமு வேற ஆளு அனுப்பறேன்னு சொல்லீருக்காரு."

"இரு, இரு. சம்பளம்?"

"பழகற வரைக்கும் பாதிங்க."

பாதி என்ற சொல் அவருக்குப் பழகிப்போன சொல். மானத்தையும் வேட்டியையும் சேர்த்து மடித்துக் கட்டிக்கொண்டு கிரைண்டரில் கை வைக்கப் போனார்.

பாவாத்தாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கையை எடுங்க. நம்ம கேட்டும் எட்டு மணிதானுங்க. இப்ப எட்டேகாலு, ஆளு வர்லீன்னு எழுதிப்போட்டேன். நாளைக்கு வாங்க."