காந்தத் தூளைக் கலக்கிய மாலை

2003 நவம்பர் 14, வெள்ளி.

இன்று ஒரு சிறிய தவறு. காந்தத் தூளைக் காந்தக் கலக்கியில், அதாவது காந்தத் துண்டைச் சுழற்றிக் கலக்கும் கருவியில், கலக்கினேன்.

எழுதும்போது மடத்தனமாகத் தெரிகிறது. செய்யும்போது விஞ்ஞானம் போலத்தான் இருந்தது.

வலிய காந்தத் துகள்களின் மேல் நானோ கனத்தில் இரும்புப் பூச்சு ஏற்றி நிரந்தரக் காந்தம் செய்வது என் மாலைக் கல்லூரி ப்ராஜெக்ட். நாளை வைவா. அதில் தேறினால்தான் பகல் வேலையில் நான் நிரந்தரம்.

லேப் மேசையிலிருந்த தூளை ஸ்பிரிட்டில் கொட்டி, பீக்கருக்குள் காந்தத் துண்டைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். ஒரே நிமிடத்தில் ஸ்பிரிட் தெளிந்துவிட்டது. காந்தத் துண்டு மட்டும் கம்பளிப்பூச்சி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

இரும்புக் கரண்டியால் சுரண்டினேன். கரண்டிக்கும் மீசை முளைத்தது.

வகுப்புத் தோழன் பிஜு எட்டிப் பார்த்தான்.

"எடே, பெரிய காந்தத்தக் காட்டு. சின்னது விட்டுரும்."

"நிச்சயமா?"

"நான் என்ன சயின்டிஸ்டா? காட்டிப் பாரு."

ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை பீக்கர் பக்கம் கொண்டுபோனேன். துண்டு, தூள், கரண்டி மூன்றும் சேர்ந்து பாய்ந்தன. நடுவில் இருந்த கண்ணாடி உடைந்தது. பிஜுவுக்குத் திடீரென்று பஸ் நினைவு வந்துவிட்டது.

என் ப்ராஜெக்ட் கைடு தாணுமாலையன் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், தூள் கெட்டுப்போச்சு."

"எப்படி?"

உண்மை நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் நாளை என்னை மனிதனாகவே மதிக்கமாட்டார்.

"ஈரம் சார். காத்துல ஈரம்."

"ஈரமா?"

"ஆமா சார்."

"காலைல எட்டு மணிக்கு வீட்டுக்கு வா."

திட்டவே இல்லை. எனக்குச் சமயோசிதம் உண்டு என்று முதல் தடவையாகத் தோன்றியது.

கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஜூனியர் ஷெமி வந்து மேசையெல்லாம் தேடினாள்.

"அண்ணா, இங்க வச்சிருந்த எனக்க இரும்புத் தூளு எங்க?"

துடைப்பம் கையிலேயே நின்றது. "அப்போ என் தூள்?"

"ஒனக்க தூளு பத்திரமா இருக்குல்லா? ஈரம் பட்டுரக் கூடாதுன்னு மத்தியானம் சார்தான் அவரு கையால அந்த ஈரம் உறிஞ்சுற டெசிகேட்டர்ல வச்சுப் பூட்டினாரு."

நாளை: எட்டு மணிக்கு சார் வீடு. உண்மையைச் சொல்ல வேண்டும்.